ஐடியூவா, ஐஇடிஎஃப்பா: இணைய, தொலைத்தொடர்பு விதிகள் பற்றி எங்கே போய்ப் பேசுவது?

ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவில் ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் உறுப்பினராகச் சேர்ந்து பேசலாம், ஓட்டு கிடையாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு விதிகள் குறித்து ஐடியூ 2012இல் துபாயில் கூட்டிய மாநாட்டின் ஒப்பந்தத்தில் 89 நாடுகள் கையெழுத்திட்டன, 55 நாடுகள் அங்கே கையெழுத்திடவில்லை. அரசுகள் மட்டும் கூடி முடிவெடுத்தாலும் ஒற்றுமைக்கு உத்தரவாதம் இல்லை.

இணையத்தில் கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் விதிகளான நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு ஐஇடிஎஃப். அதில் உறுப்பினர் சேர்க்கையும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை. யாரும் ஒரு நெறிமுறைக்கான வரைவு எழுதிப் பதிவேற்றலாம். ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். கூட்ட அறையில் எட்டிய முடிவும் அந்தத் துறைக்கான பணிக்குழுவின் மின்னஞ்சல் விவாதத்தில் உறுதியானால்தான் செல்லும். எதிர்ப்பவர் ஒருவரே என்றாலும், அவர் காட்டும் தொழில்நுட்பக் குறையைப் பரிசீலித்தாக வேண்டும். இதுதான் இந்த முறையின் உண்மையான பலம். பலர் சறுக்குவது வரைவைப் போட்டுவிட்டு விவாதத்துக்கு வராமல் இருப்பதில்தான். படித்துக் கருத்துச் சொல்ல ஆள் இல்லாத வரைவைப் பணிக்குழு பொதுவாக ஏற்காது. கதவு திறந்தே இருந்தாலும், இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் கைதான் ஓங்குகிறது. இது சரிசெய்ய வேண்டிய குறை.

நெறிமுறையில் திருத்தம் வேண்டுமா? ஐஇடிஎஃப். அலைக்கற்றை, செயற்கைக்கோள் விவகாரமா? ஐடியூ. ஆனால் உங்கள் நாட்டுக் குழுவை முன்கூட்டியே அணுகுங்கள். நாட்டின் நிலைப்பாடு பெரும்பாலும் மாநாட்டுக்கு முன்பே முடிவாகிவிடும்.