ஜவ்வரிசி வத்தலுக்குக் கேஸ் பர்னரும் ஸ்டாண்டும்: நாலு கோடை அனுபவம்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை வத்தல் போட்டு விற்கிறோம். ஒரு நடைக்கு 3 கிலோ ஜவ்வரிசி, 20 லிட்டர் தண்ணீர். 40 லிட்டர் அண்டா வீட்டு அடுப்பில் உட்காராது. விறகு மூட்டினால் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் தனி பர்னர்.

முதல் பர்னர் வாங்கியதில் ஏமாந்தேன். கடைக்காரர் முழுசாகத் திறந்து காட்டினார், நீலத் தீ சீறிக்கொண்டு மேலே வந்தது. அந்தச் சத்தத்திலேயே மயங்கிவிட்டேன். தண்ணீர் சீக்கிரமே கொதித்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நாங்கள் காய்ச்சுவது வெந்நீர் இல்லையே. நீராக இருக்கும்வரை சூடானது மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். ஜவ்வரிசி வெந்து மாவு கெட்டியானதும் அந்தச் சுழற்சி நின்றுவிடும். தீ எங்கே படுகிறதோ அங்கேயே சூடு தங்கும். இந்தப் பர்னரில் தீ உள்ளங்கை அகலத்துக்கு ஒரே இடத்தில் குத்தியது. இரண்டாம் நடையிலேயே கூழில் பழுப்புத் துணுக்கு. மாடிப்படி ஏறும்போதே அத்தைக்கு வாசம் தெரிந்துவிட்டது. "அடுப்பு நல்லாத்தான் எரியுது கண்ணு, கூழுதான் தீயுது" என்றார். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமை பேசலாம், அடிப்பிடித்தால் குப்பைக்குத்தான்.

தீயைக் குறைத்தால் போயிற்று என்பீர்கள். குறைத்தால் 'டப்' என்று தீ உள்ளே இழுத்துக்கொண்டு, கேஸ் பீறிவரும் நாசில் பக்கம் எரிய ஆரம்பித்தது. உடனே மூடிவிட வேண்டியதுதான்.

அடுத்த வருஷம் வாங்கியது அகலமான வார்ப்பிரும்பு பர்னர். இரண்டு வளையம், இரண்டுக்கும் தனித்தனித் திருகு. கொதி வரும்வரை இரண்டும், கூழ் கெட்டியானதும் உள்வளையத்தை மூடிவிட்டு வெளிவளையத்தை மட்டும் சிறுசாக வைக்கிறேன். அண்டாவுக்கு அடியில் பழைய இரும்புத் தகடு ஒன்றும் உண்டு. அப்புறம் அடிப்பிடித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது. கடைக்குப் போனால் பெரிய தீயைப் பார்க்காதீர்கள், எவ்வளவு சின்னதாக அணையாமல் எரிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ரெகுலேட்டர் வீட்டு அடுப்புக்கு உள்ளது உதவாது. கூட்டிக் குறைக்கிற ஹை பிரஷர் வகையும் அதற்குரிய டியூபும் வேண்டும். விற்பதற்குச் செய்கிறோம் என்றால் சிலிண்டரும் 19 கிலோ கமர்ஷியல்தான், வீட்டு 14.2 கிலோவை இழுத்து வைப்பது சட்டப்படி தப்பு. தொடர்ந்து பெரிதாக எரித்தால் சித்திரை வெயிலிலும் சிலிண்டர் வெளியே வேர்க்கும். உள்ளே திரவம் வாயுவாக மாற சிலிண்டரின் சூட்டையே எடுத்துக்கொள்வதால் அப்படி. ஒரு மார்கழியில் ஏற்காட்டில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு இதே பர்னரைக் கொண்டுபோனோம். காலை ஐந்து மணிக் குளிரில், பாதிக்குமேல் தீர்ந்த சிலிண்டரில் தீ சோம்பிப் போய்விட்டது. வேறு முழு சிலிண்டர் மாற்றினோம். தண்ணீர் கொதித்தும் பருப்பு வேக நேரம் எடுத்தது. 5,000 அடி உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குப் பர்னர் என்ன செய்யும்!

ஸ்டாண்டைப் பற்றி யாருமே முன்கூட்டி சொல்லவில்லை. கடையில் வாங்கியது இரண்டடி உயரம், மூன்று கால். அண்டா ஏற்றினால் வாய் என் நெஞ்சுக்கு வந்தது. துடுப்புப் போட்டுக் கிண்டினால் தோள் விட்டுப்போகும், ஆவி முகத்தில் அடிக்கும். மூன்று கால் மேடுபள்ளத்தில் ஆடாது, உண்மைதான். ஆனால் கெட்டிக் கூழைக் கிண்டும்போது இரண்டு காலுக்கு நடுவில் பாரம் சாய்ந்தால் மொத்தமும் நம் மேல். ஒருநாள் அண்டா நாலு விரல் நகர்ந்தே விட்டது. அன்றைக்கே வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கெட்டி ஆங்கிளில் நாலு கால், கீழே அகலமாக. மேல்வளையத்தைச் சுற்றி அண்டா நழுவாமல் நாலு தடுப்பு. பட்டறை அண்ணா கேட்காமலேயே மறுபடி இரண்டடி உயரம் வைத்துவிட்டார். திரும்பக் கொண்டுபோய் ஒவ்வொரு காலிலும் பத்து அங்குலம் வெட்டச் சொன்னேன்.

மாடிக் காற்றுக்கு மூன்று பக்கமும் தகர மறைப்பு, டியூப் வரும் பக்கம் மட்டும் திறப்பு. மறைப்பு வைத்த பிறகு ஒரு சிலிண்டரில் நாலைந்து நடை கூடுதலாக வருகிறது. தரையில் செங்கல் பரப்பிவிடுவது நல்லது, எங்கள் மாடித் தரை ஓடு ஒன்று வெடித்த பிறகுதான் பரப்பினோம். கூழ் பொங்கி ஓட்டைகள் அடைத்தால் தீ மஞ்சளாகி அண்டாவில் கரி ஏறும். ஆறியதும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் சரி. வெளிவளையத் திருகு மட்டும் இந்த வருஷம் இறுகிப்போய்விட்டது, மாற்ற வேண்டும்.

வெட்டிய நாலு கால் துண்டுகளும் வீணாகவில்லை. வத்தல் பிழியும் வேட்டி காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் அவைதான் பாரம்.