வீ யூ கேம்பேட்: பன்னிரண்டு வருடம் வைத்திருந்தவன் சொல்வது

போன மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த வாரம், என் கேம்பேடின், அதாவது நின்டெண்டோவின் வீ யூ கேம் கன்சோலோடு வந்த, திரை வைத்த கன்ட்ரோலரின் முதுகு புடைத்திருப்பதைப் பார்த்தேன். மேசையில் வைத்தால் ஒரு பக்கமாக ஆடியது. பன்னிரண்டு வருடப் பேட்டரி, அதுவும் வேலூர் வெயிலில் மாடி அறையில் கிடந்தது, உப்பாமல் என்ன செய்யும். இரண்டு திருகைக் கழற்றினால் மூடி வந்துவிடும், ஆனால் உப்பிய பேட்டரியை நெம்பி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன டேப்ணே இது, இவ்ளோ பட்டன்?"

டேப் இல்லை, கேம் கன்ட்ரோலர் என்றேன். பேட்டரியைப் பைய எடுத்து வெளியே வைத்துவிட்டு அவன் அடுத்துக் கேட்டான்: "அண்ணே, உள்ள எடம் காலியா கெடக்குது. ஏன் இத்துனூண்டு பேட்டரி போட்டிருக்காங்க?"

எத்தனை வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. பெட்டியோடு வந்தது 1500 எம்ஏஹெச். அதே குழியில் 2550 எம்ஏஹெச் பேட்டரி கச்சிதமாக உட்காரும், அதற்கு இடமும் விட்டிருக்கிறார்கள், அந்தப் பெரிய பேட்டரியைத் தனியாக விற்கவும் செய்தார்கள். சின்னதை வைத்துக்கொண்டு 3 முதல் 5 மணி நேரம் என்று சொன்னார்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் எனக்கு 3 மணிதான் வந்தது. இதே கன்சோலுக்கு அவர்களே விற்ற ப்ரோ கன்ட்ரோலர் ஒரு தடவை சார்ஜ் போட்டால் சுமார் 80 மணி நேரம் ஓடும். வித்தியாசத்தைப் பாருங்கள். திரை இருக்கிறது, கரண்ட் இழுக்கும், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பெரிய பேட்டரியைப் போட்டே கொடுத்திருக்க வேண்டியதுதானே?

நான் பெரியதை வாங்கிப் போட்டுவிட்டேன். கம்பெனிச் சரக்கு இல்லை, பொருந்துகிற மாதிரி செய்த ஒன்று. இப்போது 6 மணி நேரம் தாராளமாக வருகிறது. இந்த வேலை முடிந்த வாரமே சத்துவாச்சாரி நண்பன் போன் செய்தான். சென்னையில் ஒருவர் வீ யூ செட்டை 11,000 ரூபாய்க்குக் கொடுக்கிறாராம். "வாங்கலாமா மச்சி, புள்ளைங்க ரெண்டும் வெளையாடும்." போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

என்னுடையது 2013 டிசம்பரில் வந்தது. நியூஜெர்சியில் இருக்கும் மாமா பையன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தான், கறுப்பு நிற 32 ஜிபி செட். அமெரிக்கச் சரக்கு என்பதால் இரண்டு அடாப்டரும் 120 வோல்ட்டுக்கு மட்டும்தான். கன்சோலுக்கு ஒன்று, கேம்பேடுக்குத் தனியாக ஒன்று. வந்த இரண்டாம் நாளே வீட்டில் ஒருவர் கேம்பேட் சார்ஜரை நேராகச் சுவரில் செருகிவிட்டார், புகை வந்தது, சார்ஜர் போயிற்று. நல்ல வேளை, பேட் தப்பியது. அப்புறம் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். இன்றைக்கும் அது 'உம்ம்' என்று சத்தம் போட்டபடி டிவி மேசைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பேட் எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்று சொன்னால்தான் என் கோபமும் புரியும்.

அப்போது ஆயா இருந்தாங்க. ஏழு மணிக்கு சீரியலுக்கு உட்கார்ந்தால் பத்து வரை டிவி அவங்களுடையது, அதில் ஒருத்தரும் கை வைக்க முடியாது. வேறு எந்த கன்சோல் வாங்கியிருந்தாலும் பத்து மணிக்கு மேல்தான் எனக்கு நேரம். கேம்பேடில் அப்படி இல்லை, டிவி இல்லாமலேயே பல விளையாட்டுகள் கையிலிருக்கும் 6.2 அங்குலத் திரையில் ஓடும். ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விண்ட் வேக்கர் விளையாட்டில் கடல் முழுக்கப் படகு ஓட்டி முடித்தேன். நடுநடுவே ஆயா எட்டிப் பார்த்து, "இன்னும் கரை வர்லியா?" என்று கேட்பாங்க. டிவி ரிமோட் தொலைந்துபோன ஒரு மாதம் இந்தப் பேட்தான் ரிமோட். கன்சோலை ஆன் செய்யாமலேயே பேடில் இருக்கும் டிவி பட்டனை அமுக்கி சவுண்டு கூட்டலாம் குறைக்கலாம். அரைக் கிலோ எடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆயா சவுண்டு கூட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கரண்ட் விஷயத்தில் முதலில் ஏமாந்தேன். அந்த வருடங்களில் நம் பக்கம் கரண்ட் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். கையில் பேட்டரியோடு ஒரு திரை இருக்கிறதே, கரண்ட் போனாலும் விளையாடலாம் என்று நினைத்தேன். முடியாது. கேம்பேடுக்கென்று சொந்த மூளை கிடையாது. விளையாட்டு முழுக்க கன்சோலில்தான் ஓடுகிறது. அங்கிருந்து படத்தைச் சுருக்கி 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்புகிறார்கள், பேட் அதை விரித்துக் காட்டுகிறது, நம் விரல் அசைவைத் திருப்பி அனுப்புகிறது. பட்டனை அமுக்குவதற்கும் திரையில் தெரிவதற்கும் தாமதமே தெரியாது, 2012இல் வந்த பொருளுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போது நினைத்தாலும் வியப்புதான். ஆனால் கன்சோல் அணைந்தால் பேடும் வெறும் பலகை. பிறகு கன்சோலை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். அது இழுப்பது 40 வாட்டுக்குள்தான், டிவி தேவையில்லை. ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், ஒரு வீ யூ. தெருவே இருட்டாக இருக்கும்போது நான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு வீடு நிறையப் பிள்ளைகள் வந்தால் நின்டெண்டோ லேண்ட். அதில் ஓடிப்பிடிக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. பேட் வைத்திருப்பவர் மரியோ, அவருக்குத் திரையில் முழு வரைபடமும் தெரியும். மற்ற நாலு பேர் முந்தைய கன்சோலான வீயின் ரிமோட்டோடு டிவியைப் பார்த்துத் துரத்த வேண்டும். பேடின் கேமரா வழியாக மரியோ ஆளின் முகம் டிவியில் தெரியும், மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தங்கச்சி மகன் கண்ணை உருட்டுவதை எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். பேய் விளையாட்டு அதைவிட நல்லா இருக்கும், பேய் எங்கே நிற்கிறது என்று பேட் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும், கிட்டே வந்தால் மற்றவர்கள் கையில் ரிமோட் அதிரும். ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் கண்ணாமூச்சியின் உயிர். ஒரே டிவியைப் பார்த்து விளையாடும் எந்த கன்சோலிலும் இதைச் செய்ய முடியாது.

2015இல் சூப்பர் மரியோ மேக்கர் வந்தது, மரியோ ஓடும் தடங்களை நாமே வரைந்து விளையாடுகிற விளையாட்டு. திரை பழைய அமுக்குகிற வகைத் தொடுதிரை, ஒரே நேரத்தில் ஒரு விரலைத்தான் கண்டுகொள்ளும், அப்போதே செல்போன்களோடு ஒப்பிட்டால் மட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த வகைத் திரை என்பதால்தான் கூர்மையான பேனாவால் கட்டம் கட்டமாகத் துல்லியமாக வைக்க முடிகிறது. வரைந்து, அமுக்கி, உடனே விளையாடிப் பார்த்து, திரும்பத் திருத்தி. அதன் இரண்டாம் பாகத்தை வேறு கன்சோலில் விரலால் செய்து பார்த்தேன், மனசு ஒட்டவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: இந்தப் பேட்தான் அந்த கன்சோலைக் கவிழ்த்தது.

முதல் அடி 2011 ஜூனில். அறிமுகம் செய்யும்போது கன்ட்ரோலரையே காட்டிக்கொண்டிருந்தார்கள், பெட்டி சரியாகக் கண்ணில் படவே இல்லை, பெயரும் பழைய வீயோடு ஒட்டிக்கொண்ட பெயர். பழைய வீக்கு இது கூடுதல் பாகம் என்று நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள். மாமா பையனே போனில் என்னிடம், "உன்கிட்டதான் வீ இருக்கே, இந்தத் திரையை மட்டும் வாங்கிட்டு வந்தா போதாதா?" என்று கேட்டான். அமெரிக்காவில் இருப்பவனுக்கே தெரியவில்லை. முந்தைய வீ 10 கோடிக்கு மேல் விற்றது, இது மொத்தமாக 1 கோடியே 35 லட்சத்துச் சொச்சம். 2014 ஜனவரியில் அந்த நிதியாண்டின் விற்பனைக் கணிப்பை 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறைத்தார்கள், நின்டெண்டோ தலைவர் இவாட்டா தன் சம்பளத்தை 5 மாதத்துக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார்.

விலையும் அதோடு போகிறது. 32 ஜிபி செட் 349.99 டாலருக்கு வந்தது, 2013 செப்டம்பரில் 299.99 ஆனது, அதற்குக் கீழே இறக்குவது கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு திரை, ஒரு கேமரா, ஒரு சார்ஜர் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் கைனெக்ட் கேமராவோடு 499 டாலருக்கு வந்தது, ஜனங்கள் வேண்டாம் என்றதும் 2014 ஜூனில் கேமராவை எடுத்துவிட்டு 399க்குக் கொடுத்தார்கள். நின்டெண்டோவால் அப்படி எடுக்க முடியவில்லை. கன்சோலின் செட்டிங்ஸைத் தொடவே பேட் வேண்டும்.

எனக்கு வயிறு எரிவதும் அங்கேதான். நம் ஊரில் இந்தப் பேட் தனியாகக் கிடைக்காது. இன்னொரு செட்டைப் பிடித்தால்தான் உண்டு, அதிலும் அமெரிக்கக் கன்சோலுக்கு அமெரிக்கப் பேட்தான் சேரும். கன்சோல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பேட் விழுந்து திரை உடைந்தால் எல்லாம் முடிந்தது. இரண்டு பேட் இணைக்கலாம் என்று 2012இல் சொன்னார்கள், அதற்கென்று ஒரு விளையாட்டுகூட வரவில்லை. வேண்டும் என்று திணித்ததும் உண்டு, ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோவில் குறி பார்க்க ஒரு திரை, பறக்க ஒரு திரை, தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் 2017 மார்ச் 3, பிரெத் ஆஃப் த வைல்ட். 2014இல் காட்டியபோது வரைபடம் அழகாகப் பேடில் இருந்தது. விளையாட்டு வந்தபோது எடுத்துவிட்டார்கள், டிவியில் ஆடினால் பேட் திரையில் ஒன்றும் கிடையாது. அதே நாளில் நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்ச் வந்தது, டிவி இல்லாமல் கையில் விளையாடலாம் என்கிற அதே யோசனை, ஆனால் மூளையும் கையிலேயே இருக்கிறது. அது 15 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த இரவு பேடின் வெற்றுத் திரையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

நண்பனுக்கு என் பதில், வாங்காதே. விளையாட்டு வாங்கும் ஆன்லைன் கடையான ஈஷாப் 2023 மார்ச்சில் மூடியாயிற்று, ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவது 2024 ஏப்ரலில் நின்றது, இனி வட்டு தேடி அலைய வேண்டும். 11,000 ரூபாய் கொடுத்து, அந்தப் பேட் என்றைக்குப் போகுமோ என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். நல்ல பொருள் இல்லை என்று சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்த சாமான்களில் நான் அதிகம் நேசித்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வீ ரிமோட் மூன்று நன்றாக இருக்கிறது, ஆளுக்கு ஒன்று போதும். மரியோவாக யார் ஓடுவது என்று இரண்டும் சண்டை போடும், தெரியும். பேடை நான்தான் பிடிப்பேன்.