பதிவுக்குக் காசு: எந்தத் தளத்தின் கணக்கு நேர்மையானது?

சமூக ஊடகத் தளங்கள் பதிவு போடுகிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டுமா? கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களை நடத்தும் மெட்டாவின் வருமானம் 16,400 கோடி டாலருக்கும் மேல், அதில் பெரும்பகுதி விளம்பரப் பணம். விளம்பரம் பார்ப்பதற்கென்று யாரும் ஃபேஸ்புக் பக்கம் போவதில்லை, நாம் போடும் படத்தையும் எழுத்தையும் பார்க்க வந்தவர்கள் கண்ணில்தான் அது படுகிறது. ஆனால் எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கணக்கு தப்பாக இருந்தால் காசு கொடுப்பதே தளத்தைக் கெடுத்துவிடும்.

இருப்பதில் உருப்படியானது யூடியூப். 2007இலிருந்து கொடுக்கிறார்கள். நீளமான வீடியோவில் ஓடும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, மீதி யூடியூபுக்கு, அவ்வளவுதான் ஒப்பந்தம். சேனல் கணக்கு பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தைத் திறந்தால் எந்த வீடியோ எவ்வளவு ஈட்டியது, ஆயிரம் பார்வைக்குக் கையில் எவ்வளவு நின்றது என்று தனித்தனியாகத் தெரியும். போன மாதம் ஏன் குறைந்தது என்று யோசிக்கவாவது அதில் ஏதோ இருக்கிறது. ஷார்ட்ஸுக்கு மட்டும் கொஞ்சம் சுற்றி வளைப்பார்கள்: எல்லா விளம்பரப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பாட்டுக்கான உரிமத் தொகையைக் கழித்து, பார்வைக் கணக்கில் பிரித்து, அதில் 45 சதவீதம் தருகிறார்கள்.

ஆனால் வாசலில் நிற்க வைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள், அதோடு 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வை அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடிப் பார்வை வேண்டும். சரி, ஏதோ ஒரு வரம்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 2020 நவம்பரில் விதிகளை மாற்றி, இந்த வரம்பைத் தொடாத சேனல்களின் வீடியோவிலும் விளம்பரம் போட ஆரம்பித்தார்கள், அந்தப் பணத்தில் வீடியோ போட்டவருக்கு ஒரு பைசா கிடையாது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அப்புறம் அந்த மஞ்சள் டாலர் அடையாளம். விளம்பரத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று வீடியோவுக்குப் பக்கத்தில் அது வந்துவிட்டால் விளம்பரம் குறையும், மறுபரிசீலனை கேட்கலாம், ஆனால் பதில் வருவதற்குள் அந்த வீடியோ சூடாக ஓடும் முதல் சில நாட்கள் போய்விடலாம். இத்தனைக்கும் அப்புறமும் 5க்கு 4 கொடுக்கிறேன், ஏனென்றால் பங்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

டிக்டாக் 2020இல் கிரியேட்டர் ஃபண்ட் என்று ஒரு நிதியைத் தொடங்கியது. முதலில் 20 கோடி டாலர், அப்புறம் மூன்று ஆண்டில் 100 கோடி என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பானை ஒன்றுதான், பந்தியில் ஆள் கூடக் கூட ஆளுக்கு விழும் கரண்டி சிறுத்துக்கொண்டே போகும். தளம் எவ்வளவு வளர்ந்தாலும் போட்டவருக்கு வளராது, இதை அமெரிக்க யூடியூபர் ஹேங்க் கிரீன் 2022இல் ஒரு வீடியோவில் விளக்கிச் சொன்னார். 2023 கடைசியில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் அந்த நிதியை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் வீடியோவுக்கு மட்டும் காசு என்று மாற்றினார்கள். 5க்கு 2. மெட்டாவும் ரீல்ஸுக்கு போனஸ் கொடுத்தது, 2023இல் அதையும் நிறுத்தியது. நிறுவனம் நினைத்தால் உண்டு, நினைக்காவிட்டால் இல்லை என்கிற காசை நம்பி யார் வேலையை விடுவது?

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது எக்ஸ், அதாவது பழைய ட்விட்டர் விஷயத்தில்தான். 2023 ஜூலையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் மாதச் சந்தா கட்ட வேண்டும், அப்புறம் மூன்று மாதத்தில் 50 லட்சம் முறை பதிவு கண்ணில் பட்டிருக்க வேண்டும். பதிலுரைகளுக்கு நடுவே வரும் விளம்பரத்தை வைத்துக் கணக்கு, அதனால் பதில் வரவைப்பதே தொழிலாகிவிட்டது. எங்கோ நடந்த பழைய பூகம்பத்தின் வீடியோவை "இப்போது வந்தது" என்று போடுவார்கள், கீழே நூறு பேர் பொய் என்று திட்டுவார்கள், அந்தத் திட்டும் கணக்கில் சேர்ந்துவிடும். சமூகக் குறிப்பால், அதாவது பயனர்களே பதிவுக்குக் கீழே சேர்க்கும் திருத்தக் குறிப்பால், திருத்தப்பட்ட பதிவுக்குக் காசு இல்லை என்று 2023 அக்டோபரில் எக்ஸின் உரிமையாளர் எலான் மஸ்க் அறிவித்தார், நல்ல முடிவுதான், ஆனால் குறிப்பு வருவதற்குள் பொய் பாதி உலகம் சுற்றிவிடுகிறது. 2024 நவம்பரில் விளம்பரக் கணக்கை விட்டுவிட்டு, சந்தா கட்டியவர்கள் எவ்வளவு லைக்கும் பதிலும் போடுகிறார்கள் என்பதற்கு மாறினார்கள். சந்தா கட்டியவர்கள் ஒருவர் பதிவில் ஒருவர் போய் "அருமை" போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? கவனமாக எழுதிய நீண்ட பதிவு அதற்குக் கீழே எங்கோ கிடக்கிறது. 5க்கு 1.

கடைசியாக ரெடிட், பயனர்கள் கேள்வி கேட்டுப் பதில் எழுதி விவாதிக்கும் தளம். வருடக்கணக்கில் முகம் தெரியாதவர்கள் எழுதிய பதில்களை ஏஐ பயிற்சிக்காக 2024இல் கூகுளுக்கு உரிமம் கொடுத்தது, ஆண்டுக்கு சுமார் 6 கோடி டாலர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 2023இல் ரெடிட் தொடங்கிய காசுத் திட்டமோ சக பயனர்கள் காசு கொடுத்து வாங்கிப் பரிசாகக் கொடுக்கும் கோல்டை வைத்துத்தான் ஓடுகிறது. ஏதோ ஒரு மருந்தின் பக்கவிளைவைப் பற்றியோ பழுதான மெஷினைப் பற்றியோ பொறுமையாக நாலு பத்தி எழுதி வைத்தவருக்கு அந்த உரிமப் பணத்தில் பங்கு ஒதுக்கவே இல்லை. அதை ஒதுக்கும் வரை ரெடிட்டுக்கும் என்னிடமிருந்து 2தான்.