எலும்புப்புரையோடு பாத எலும்பிலும் விரிசல் விழுந்தால்: வாக்கிங் பூட்டா, மாவுக்கட்டா? அக்குள் கட்டையா, வாக்கரா?

எலும்புப்புரை (எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய்) இருக்கிறவர்களுக்குப் பாத எலும்பில் விரிசல் விழ, மாடிப்படியில் உருள வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அப்படித்தான் வந்தது. விழவில்லை, கால் பிசகவில்லை. கொஞ்ச நாளாக வழக்கத்தைவிடக் கூடுதலாக நடந்தேன், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது புறங்கால் வீங்கியிருந்தது. இரண்டாவது விரலுக்கு நேர் மேலே ஒரே ஒரு இடத்தில் விரல் நுனியால் தொட்டால் உயிர் போகிற வலி, அதற்கு அரை அங்குலம் தள்ளித் தொட்டால் ஒன்றுமில்லை. முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் அதே காலை ஊன்றி நடந்தபிறகு எடுத்த இரண்டாவது எக்ஸ்ரேயில் அந்த எலும்பைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு மங்கல். விரிசலை ஒட்டவைக்க உடம்பு போட்ட புது எலும்பு அது. அதைப் பார்த்துத்தான் விரிசல் இருந்ததே தெரிந்தது.

அங்கிருந்து ஊன்றி நடக்க 14 வாரம் ஆனது. அந்த 14 வாரத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று வழிகள் முன்னால் வந்து நின்றன. எல்லாரும் கேட்பது “எதில் சீக்கிரம் கூடும்?” என்பதைத்தான். நம்மைப் போன்றவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது “எதைப் போட்டுக்கொண்டால் விழாமல் இருப்பேன்?” என்பது. பாதத்தின் சிறு எலும்பு மெதுவாகக் கூடினால் சில மாதம் போகும். அந்தச் சமயத்தில் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அதிலிருந்து எழுந்து வருவது அதைவிடப் பல மடங்கு கடினம். கீழே எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் ஒப்பிட்டிருக்கிறேன்.

எக்ஸ்ரேயா, எம்ஆர்ஐயா

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்ஆர்ஐ முதல் சில நாட்களிலேயே காட்டிவிடும். எலும்புப்புரை உறுதியான ஒருவருக்கு, ஒரே புள்ளியில் தொட்டால் வலி, ஊன்றினால் அதிகம், உட்கார்ந்தால் குறைவு என்று இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் விரிசல் என்றே வைத்துக்கொண்டு காலுக்கு ஓய்வு கொடுங்கள். எம்ஆர்ஐ எடுக்க வழியில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே கேளுங்கள். “எனக்கு எலும்புப்புரை இருக்கிறது” என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

குதிகால் வலியிலும் இதே குழப்பம் உண்டு. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் உயிரை எடுத்து, நடக்க நடக்கக் குறைந்தால் பெரும்பாலும் அது உள்ளங்கால் சவ்வின் வலி. நடக்க நடக்க ஏறிக்கொண்டே போய், குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் வலிக்கிறதென்றால் எலும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். முன்னதற்குச் சொல்லும் நீட்டல் பயிற்சியைப் பின்னதற்குச் செய்தால் விரிசல் மோசமாகலாம்.

கெட்டி அடிச் செருப்பா, பூட்டா, மாவுக்கட்டா

எந்த எலும்பு என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில். சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிநுனியில் ஒரு சிறு துண்டு பிய்ந்திருந்தால், அடிப்பாகம் வளையாத கெட்டியான செருப்பிலேயே ஆறு முதல் எட்டு வாரத்தில் சரியாகிவிடுவது வழக்கம். அதிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் போலத் தள்ளி முறிந்தால் அதற்குப் பெயர் ஜோன்ஸ் முறிவு. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, கூடாமலே போகிற ஆபத்து உண்டு, அதனால் காலை ஊன்றாமல் வைத்திருக்கச் சொல்வார்கள், சிலருக்குத் திருகாணி போட்டுவிடுவார்கள். எக்ஸ்ரே தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆகவே “சுண்டுவிரல் எலும்பு” என்பதோடு நிற்காமல் எந்த இடம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவுக்கட்டின் பலம், அதைக் கழற்ற முடியாது என்பதுதான். நம் கை சும்மா இருக்காது, வலி கொஞ்சம் குறைந்ததும் “இந்த ஒரு தடவை” என்று வெறுங்காலோடு அடுக்களைக்குப் போவோம். கட்டு இருந்தால் அது நடக்காது. ஆனால் கணுக்கால் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும், கெண்டைக்கால் சதை வற்றும், பயன்படுத்தாத காலில் எலும்பின் அடர்த்தியும் இறங்கும். ஏற்கெனவே எலும்பு மெலிந்தவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பூட்டு என்று நான் சொல்வது, காலைச் சுற்றிப் பட்டைகளால் ஒட்டிக்கொள்ளும் வாக்கிங் பூட். அதைக் கழற்றிக் குளிக்கலாம், மருத்துவர் சரி என்றால் உட்கார்ந்தபடி கணுக்காலை அசைக்கலாம், வீக்கத்துக்கு ஏற்றபடி பட்டையைத் தளர்த்தலாம். எனக்குப் பூட்டுதான் தந்தார்கள், இன்றைக்குக் கேட்டாலும் அதையே வாங்குவேன். ஆனால் ஒருவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: பூட்டின் அடிப்பாகம் தடிமன், அதைப் போட்டதும் அந்தக் கால் இரண்டு விரற்கடை உயர்ந்துவிடும். முதல் வாரமே எனக்கு இன்னொரு பக்க இடுப்பில் வலி வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் பயந்துபோனேன். நல்ல காலில் அதே உயரத்துக்கு அடி கொண்ட ஷூவோ, ஷூவுக்கு அடியில் மாட்டும் உயரப் பட்டையோ போட்டதும் இரண்டே நாளில் குறைந்தது. உயரம் சமமாக இல்லாத கால்களோடு நடப்பது விழுவதற்கான வழியும்கூட. பூட்டு வாங்கும் அன்றே இன்னொரு காலுக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.

ராத்திரி எழுந்து போகும்போது இன்னும் கவனம் வேண்டும். அரைத்தூக்கத்தில் பட்டை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது, ஒரு பட்டையை மட்டும் ஒட்டிக்கொண்டு எழுந்து நடந்து, தொங்குகிற இன்னொரு பட்டையையே மிதித்துத் தடுமாறியிருக்கிறேன். சுவர் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து கட்டிலிலேயே உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, எல்லாப் பட்டையும் ஒட்டிய பிறகுதான் எழுவது.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. பாதம் சூடாக, சிவந்து, வீங்கியிருந்து வலி மட்டும் பெரிதாக இல்லையென்றால், பூட்டா கட்டா என்று யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கட்டையா, வாக்கரா, முழங்கால் ஸ்கூட்டரா

அக்குள் கட்டை இளைஞர்களுக்கானது என்பது என் முடிவு. அதற்குத் தோளிலும் மணிக்கட்டிலும் பலம் வேண்டும், ஒற்றைக்காலில் நிற்கும் நிதானம் வேண்டும், ஈரத்தரையில் ரப்பர் முனை வழுக்கினால் கையை ஊன்றித்தான் விழுவோம். எலும்புப்புரையில் முதலில் முறிகிற எலும்புகளில் மணிக்கட்டும் ஒன்று. அதையேதான் பயன்படுத்துவேன் என்றால், கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும், பாரம் கையில் இருக்கட்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும்.

முழங்காலை வைத்து உருட்டிக்கொண்டு போகும் ஸ்கூட்டர் பார்க்க ஆசையாக இருக்கும், கை வலிக்காது, வேகமாகவும் போகலாம். அந்த வேகம்தான் பிரச்சினை. திருப்பத்தில் கவிழும், சிறு மேட்டில் முன்சக்கரம் சிக்கினால் ஆள் முன்னால் போய் விழுவார். முழங்கால் மூட்டு ஏற்கெனவே தேய்ந்தவருக்கு அதில் மண்டியிடவே முடியாது.

வாக்கர் மெதுவானது, படி ஏற உதவாது, ஒரு கையில் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. இத்தனை குறையோடும் எனக்கு அதுதான் முதலிடம், ஏனென்றால் நான்கு காலும் தரையில் இருக்கும்போது தடுமாறினாலும் பிடிக்க ஏதோ ஒன்று இருக்கிறது. முன்பக்கம் ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டால் போன், கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் போய்விடும். ரொம்ப தூரம் போக வேண்டிய நாட்களில் சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படாதீர்கள். பிறகு வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கம்தான் பிடிக்கிறார்கள்.

வலி மாத்திரை

பாராசிட்டமால் வலியைக் கொஞ்சம்தான் குறைக்கும், ஆனால் தலை சுற்றாது. ஒரு நாளைக்கான அளவைத் தாண்டாமல் இருந்தால் போதும், சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். இபுப்ரோபென் வகை மாத்திரைகள் வீக்கத்தைக் குறைக்கும். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துமோ என்ற விவாதம் இன்னும் முடியவில்லை, வயதானவர்களுக்கு வயிறு, சிறுநீரகத் தொல்லைகளும் உண்டு. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் வாரக்கணக்கில் போடாதீர்கள். டிரமடால் மாதிரி பலமான மாத்திரைகள் வலியை நன்றாக அடக்கும், கூடவே மயக்கமும் தள்ளாட்டமும் வரும். ராத்திரி எழுந்து நடப்பவருக்கு அது சரிவராது. எனக்குப் பெரிதும் உதவியது காலை நெஞ்சு உயரத்துக்குத் தலையணை அடுக்கித் தூக்கி வைத்ததும், துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்ததும்தான். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, இறுகி, தொட்டால் வலித்தால் அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். மாத்திரை போட்டுப் பார்க்காமல் உடனே காட்ட வேண்டும்.

கூடவே மாட்டேன் என்கிறதே: காத்திருப்பதா, வேறு ஏதாவது செய்வதா

எட்டாவது வாரம் எனக்கு மனம் விட்டுப்போனது. தொட்டால் இன்னும் வலி, எக்ஸ்ரேயில் பாதிதான் கூடியிருந்தது. அப்போது பரிந்துரையாக வந்தது ஒரு அல்ட்ராசவுண்ட் கருவி, தினமும் 20 நிமிடம் முறிந்த இடத்தில் வைப்பது. 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட 501 பேரிடம் சோதித்தபோது, உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைப் படித்தபிறகு நான் வாங்கவில்லை. அறுவை வேறு விஷயம். முறிந்த முனைகள் விலகியிருந்தாலோ, மாதங்கள் கடந்தும் எக்ஸ்ரே துளியும் மாறாமல் இருந்தாலோ அது தேவைப்படும். மெலிந்த எலும்பில் திருகாணியின் பிடிப்புக் குறையலாம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இவற்றுக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, பாராதைராய்டு, சிறுநீரகம். எனக்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது. எட்டு வாரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர ரத்தத்தைப் பார்க்கவில்லை. புகை பிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவதைப்போல எலும்புக்கு உதவுவது வேறில்லை. ஸ்டீராய்டு மாத்திரை, நீண்டநாள் அசிடிட்டி மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். கால்சியம் மாத்திரையில் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். அசிடிட்டி மாத்திரை எடுப்பவருக்கு சிட்ரேட்தான் மேல்.

எலும்புப்புரை மருந்துகள்

“முறிவு கூடும்வரை எலும்பு மருந்தை நிறுத்தி வைக்கலாமா?” என்று பலர் கேட்கிறார்கள். 2007-இல் வந்த ஆய்வில், இடுப்பு முறிவு அறுவைக்குப் பிறகு 90 நாளுக்குள் சோலெட்ரோனிக் அமிலம் என்ற எலும்புப்புரை மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன, எலும்பு கூடுவதும் கெடவில்லை. எனவே பயத்தில் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை எளிமையானது, ஆனால் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சிரமம். வருடம் ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்தில் அந்தத் தொல்லை இல்லை, முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் ஒரு எச்சரிக்கை: வேறு மருந்துக்கு மாறாமல் அதை நிறுத்தினாலோ நாள் தள்ளினாலோ, ஏறிய அடர்த்தி மளமளவென இறங்கி முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கலாம். கால் வலியில் அலைகிறபோது மறந்துபோகிற தேதி அது. தினமும் போடும் டெரிபாரடைட் ஊசி புது எலும்பை வளர்ப்பது, வழக்கமாக 2 வருடம் வரைதான், பிறகு வேறு மருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும். அது பாத முறிவைச் சீக்கிரம் கூட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கான ஆதாரம் உறுதியாக இல்லை. ஆனால் அடுத்தடுத்து முறிகிறவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நியாயம். இதில் எது முந்தி என்பதை உங்கள் எலும்பு அடர்த்தி, முந்தைய முறிவுகள், சிறுநீரகம் எல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாத்திரையோ ஊசியோ வருடக்கணக்கில் எடுப்பவருக்குத் தொடையிலோ கவட்டியிலோ புதிதாக வலி வந்தால், பூட்டு நடையால் வந்தது என்று விட்டுவிடாமல் தொடை எலும்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

பூட்டைக் கழற்றும் நாள்

ஒரே நாளில் கழற்றிவிடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா? நான் இரண்டாவதைத்தான் செய்தேன். கழற்றிய கால் மெலிந்து, தோல் உரிந்து, என்னுடையது மாதிரியே இல்லை. முதல் நாள் கெட்டி அடிப்பாகம் கொண்ட ஷூவில், வாக்கரைப் பிடித்தபடி, வீட்டுக்குள் 10 நிமிடம். மற்ற நேரமெல்லாம் பூட்டு. மறுநாள் காலையில் அந்த ஒரே புள்ளியை விரலால் அழுத்திப் பார்ப்பேன். முந்தின நாளைவிட வலி கூடியிருந்தால் பழைய நேரத்துக்கே திரும்புவேன், இல்லையென்றால் 5 நிமிடம் கூட்டுவேன். மூன்று வாரம் இப்படிப் போனது. இருபதாவது நாளோ என்னவோ, எவ்வளவு அழுத்தியும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை, தப்பான இடத்தில் அழுத்துகிறேனோ என்று இரண்டு தடவை தேடினேன்.