மொத்தத் தொகையா, மணிக்கணக்கா?

இலங்கையின் மலையகத்தில் மேளக்குழுவோ இசைக்குழுவோ நிகழ்ச்சிக்கு விலை பேசும்போது பெரும்பாலும் இரண்டு முறைகளே முன்வைக்கப்படுகின்றன: ஓர் இரவுக்கு மொத்தத் தொகை, அல்லது மணிக்கு இவ்வளவு என்ற கணக்கு.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மொத்தத் தொகையே பொருந்தும். கோயில் கமிட்டி வீட்டுக்கு வீடு வரி பிரித்துச் செலவு செய்வதால், இறுதித் தொகை முன்கூட்டியே தெரிய வேண்டும்; லயன்தோறும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) நின்று அர்ச்சனை பெற்று நகரும் தேர் எப்போது கோயிலைச் சேரும் என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில், மணிக்கணக்கு விடியற்காலை வாக்குவாதத்துக்கே வழிவகுக்கும். ஆனால் அந்தத் தாமதத்தின் சுமை முழுவதும் கலைஞர் தலையில் விழுகிறது. பனியில் தோல் தளர்ந்த தப்பு மேளத்தை மீண்டும் மீண்டும் நெருப்பில் காய்ச்சும் நேரத்துக்குத் தனிக்கூலி கிடையாது. ஆகவே, அதிகாலை நான்கு மணிக்கு மேல் நீளும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு தொகையை, முற்பணம் வாங்கும்போதே எழுத்தில் சேர்த்துக்கொள்வது நியாயமானது என்பேன்.

மணிக்கணக்கு, ஹற்றன், நுவரெலியா போன்ற நகரங்களின் திருமண மண்டபங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் உரியது. அங்கே நேரம் வரையறுக்கப்பட்டது. குறைந்தபட்ச நேரத்தைக் குறிப்பிட மறந்தால், ஒரு மணி நேர வாசிப்புக்காக ஒரு நாளே போய்விடும்.

எம்முறையாயினும் போக்குவரத்துச் செலவைத் தனியாகப் பேசவேண்டும். 2022 தொடக்கத்தில் லீட்டர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் எனப்படும் சாதாரண டீசல், அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. வேன் வாடகையையும் உள்ளடக்கி முன்பே தொகையை ஒப்புக்கொண்ட குழுவுக்கு மிஞ்சியிருக்கக்கூடியது சொற்பமே.