போர்க்கவசம் என்று சொல்லி மெல்லிய தகட்டை அனுப்பினார்கள்: 1,450 டாலர் போயிற்று

சாமுராய் பாணிக் கவசம் செய்ய விரும்பி, அதற்கான எஃகுப் பாகங்களை இணையத்தில் வாங்க எண்ணியிருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். கைவினைப் பொருட்களை உலகெங்கும் விற்கும் ஒரு பெரிய இணையச் சந்தையில் கடை விரித்திருக்கும் ஒரு பட்டறை, சண்டைக்கு உகந்தது என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டு, அலமாரியில் நிறுத்திவைக்க மட்டுமே தகுந்த தகடுகளை என் தலையில் கட்டிவிட்டது. நான் இழந்த தொகை 1,450 அமெரிக்க டாலர். பட்டறையும் சரி, சந்தையும் சரி, இன்றுவரை ஒரு டாலரைக்கூடத் திருப்பித் தரவில்லை.

நான் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். இங்கே பெர்க்லியில் 1966-இல் தொடங்கிய சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம் என்ற அமைப்பு நடத்தும் கவசச் சண்டைகளில் கலந்துகொள்வதற்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். இது ஒத்திகை பார்த்து நடிக்கும் மேடைச் சண்டை அன்று. வாளுக்குப் பதிலாக ஒன்றேகால் அங்குல விட்டத்துக்குக் குறையாத பிரம்பை ஏந்தி, வெற்றி தோல்வியை முன்கூட்டி முடிவு செய்யாமல், உண்மையான வேகத்தில் அடித்துக்கொள்வார்கள். அதனால்தான் தலைக்கவசத்தின் எஃகு குறைந்தது 1.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், முகக் கம்பிகளின் இடைவெளியில் ஓர் அங்குல விட்டமுள்ள குச்சி நுழையக் கூடாது, தலை படும் இடமெல்லாம் அரை அங்குல நுரைப்பட்டை ஒட்டியிருக்க வேண்டும் என்று விதிகள் வகுத்திருக்கிறார்கள். களத்தில் இறங்குவதற்கு முன் மார்ஷல்கள் எனப்படும் களக் கண்காணிப்பாளர்கள் ஒவ்வொருவரின் கவசத்தையும் சோதிப்பார்கள். இந்த அளவுகள் அனைத்தையும் அந்தப் பட்டறைக்கு அனுப்பிய முதல் செய்தியிலேயே நான் எழுதியிருந்தேன்.

நான் கேட்டது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரிய அமைப்பு. 1543-இல் ஜப்பானின் தனேகாஷிமா தீவில் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி வந்திறங்கி, படைகளும் பெருகிய காலத்தில், சிறுசிறு செதில்களைக் கயிற்றால் நெருக்கமாகக் கோத்த பழைய கவசங்களின் இடத்தை, அகன்ற இரும்புப் பட்டைகளைக் கிடையாக அடுக்கி ரிவிட் அடித்த ஓகெகவா டோ போன்ற மார்புக்கவசங்கள் பிடித்தன. இடப்பக்கம் கீலும் வலப்பக்கம் முடிச்சிடும் கயிறும் கொண்ட அந்த இரண்டு பாகக் கவசம், வீட்டில் வைத்துச் செய்பவர்களுக்கும் வசதியானது. அதற்கு இணையாக, நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் நடுத்தகட்டையும் பக்கத் தகடுகளையும் முதன்மையாகக் கொண்ட ஸுநாரி கபுதோ என்ற எளிய தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுத்தேன். தலைக்கவசத்தை முழுதாகவும், மார்புக்கவசத்துக்கான தகடுகளை வெட்டி வளைத்துத் துளையிட்டும் பட்டறை அனுப்ப வேண்டும். பட்டைகளை ரிவிட் அடிப்பதும், கழுத்தைக் காக்கும் ஷிகோரோவையும் இடுப்புக்குக் கீழே தொங்கும் குசஸுரியையும் கயிற்றால் கோப்பதும் என் வேலை. தலைக்கவசத்துக்கு 420 டாலர், மற்றத் தகடுகளுக்கு 830, அனுப்பும் செலவுக்கு 200.

இனி, நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரையும் இதே வழியில்தான் வளைப்பார்கள். அந்தப் பட்டறைக்காரர் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. என் மார்பளவையும் இடுப்பளவையும் கேட்டார். நான் ஏந்துவது வாளா ஈட்டியா என்று கேட்டார். நான் வலக்கைப் பழக்கமுடையவன் என்று தெரிந்ததும் வலது அக்குளில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவராகவே விளக்கினார். கயிற்றை நெருக்கமாகக் கோத்தால் மழையிலும் வியர்வையிலும் ஊறிக் கனத்துவிடும், சேறும் ஏறும், ஆகவே இரண்டிரண்டு கயிறுகளாக இடைவெளி விட்டுக் கோக்கும் சுகாகே முறையே சண்டைக்கு ஏற்றது என்றார். அது முற்றிலும் சரியான அறிவுரை. இவ்வளவு நுட்பம் தெரிந்த ஒருவர், எஃகின் தடிமனில் ஏமாற்றுவார் என்று யாரால் நினைக்க முடியும்? பிறகு, நான் கேட்காமலேயே ஒரு படம் அனுப்பினார். தலைக்கவசத்தின் விளிம்பை, தடிமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் கவ்வியிருந்தது, திரையில் 1.8 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. “தலையைக் காக்கும் பொருளில் நாங்கள் குறை வைப்பதில்லை” என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்த அன்று மாலையே 1,450 டாலரையும் முழுதாகச் செலுத்தினேன்.

சொன்ன தேதி கடந்து, சில வாரங்கள் தாமதமாக முதல் பெட்டி வந்தது. அதில் மார்புத் தகடுகள் மட்டும் இருந்தன. துளைகளின் பிசிறை அரத்தால் தேய்க்கக்கூட இல்லாமல் அப்படியே விட்டிருந்தார்கள். சோதனைக்காக ஒரு பட்டுக்கயிற்றை நுழைத்து நான்கு முறை இழுத்ததும் அது நூல் நூலாகப் பிரிந்தது. ஒரு பட்டையின் துளைகள் அடுத்த பட்டையின் துளைகளுக்கு நேராக இல்லாததால், குசஸுரி கோணலாகத் தொங்கியது. உடனே எழுதினேன். “தலைக்கவசம் இரண்டாவது பெட்டியில் வருகிறது, இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மொத்தமாகச் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறோம்” என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதையான பதிலின் நோக்கம் எனக்குப் பிறகுதான் விளங்கியது: சந்தையில் புகார் செய்வதற்கான காலக்கெடு முதல் பெட்டி வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவது பெட்டியோ அது முடிந்த பிறகே வந்து சேர்ந்தது.

தலைக்கவசத்தை நானே காலிப்பரால் அளந்தேன். பக்கத் தகடு 0.9 மில்லிமீட்டர். நடுத்தகடும் 0.9. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் விளிம்பில் மட்டும் 1.8. அவர் அனுப்பிய படம், அந்த ஒரே இடத்தில் வைத்து எடுக்கப்பட்டது! இது அறியாமையால் நேர்ந்ததாக இருக்கவே முடியாது; எந்த இடத்தில் அளந்தால் எந்த எண் வரும் என்று தெரிந்தவர்தான் அப்படிப் படமெடுக்க முடியும். முகக் கம்பிகள் விரலால் அழுத்தினாலே வளைந்தன; அவற்றின் முனைகளை ஒரு புள்ளியில் மட்டும் பற்றவைத்திருந்தார்கள். எங்கள் மார்ஷல் கட்டைவிரலால் உச்சியை அழுத்தி, தகடு உள்வாங்கி மீள்வதைப் பார்த்துவிட்டு, பேச்சே இல்லாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஜப்பானின் பழைய கவசக் கொல்லர்கள், தங்கள் தகட்டைத் துப்பாக்கியால் சுட்டுச் சோதித்து, குண்டு பட்ட பள்ளத்தை அழிக்காமல் சான்றாக விட்டுவைத்து விற்றார்கள். அவர்களுடைய தொழிலின் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள், ஒருவருடைய மண்டை உடையலாம் என்று தெரிந்தே இப்படிச் செய்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, 1,450 டாலரைவிட அதுவே அதிகமாகக் கொதிக்க வைக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தட்டிக்கழிப்பு. முதலில் என் காலிப்பர் பழுது என்றார்கள். காலிப்பரின் அளவைச் சரிபார்த்துப் படம் அனுப்பியதும், வளைக்கும்போது தகடு சற்று மெலிவது இயல்பு என்றார்கள், 1.6 எப்படி 0.9 ஆக மெலியும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்து, இது காட்சிக்கும் உடையலங்காரத்துக்கும் உரிய பொருள் என்று கடைப் பக்கத்திலேயே எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். நான் வாங்கியபோது அந்த வரி அங்கே இல்லை. கடைசியில், நல்லெண்ணத்தின் பேரில் 75 டாலர் தருகிறோம், நல்ல மதிப்புரை எழுதுங்கள் என்றார்கள். 1,450 டாலர் எங்கே, 75 டாலர் எங்கே!

சந்தையின் உதவிப்பிரிவு இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசினார்; ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பொருள் வந்து சேர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது, காலக்கெடுவும் முடிந்துவிட்டது, விரும்பினால் உங்கள் செலவில் திருப்பி அனுப்பி விற்பனையாளரின் முடிவுக்குக் காத்திருங்கள் என்பதே அவர்கள் அனைவரின் பதில். அந்தக் கனத்தைக் கடல்கடந்து அனுப்ப 260 டாலர் ஆகும். வங்கியும் பெட்டியைப் பெற்றுக்கொண்ட கையொப்பத்தைக் காட்டிக் கைவிரித்துவிட்டது.

வாங்கும் முறையைப் பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போதைக்குப் பொறுமை இல்லை, இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தலைக்கவசத்தை இணையத்தில் வாங்காதீர்கள். உங்கள் குழுவில் ஏற்கெனவே அடி தாங்கிய தலைக்கவசம் வைத்திருப்பவரிடம், அதைச் செய்தவர் யார் என்று கேட்டு நேரில் போங்கள். இணையத்தில்தான் வாங்க வேண்டுமென்றால், தகடு ஒற்றையாக இருக்கும் உச்சியிலும் பக்கவாட்டிலும் அளந்து, அளப்பதை வெட்டாத காணொளியாக அனுப்பச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் நாளிலேயே கடைப் பக்கம் முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரிகள் மாறும். பெட்டிகள் பிரிந்து வந்தால், அடுத்தது வரட்டும் என்று யார் எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் காத்திருக்காமல், முதல் பெட்டியைத் திறந்த அன்றே புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.