மாலைதீவில் கடல்விமானம்: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

மாலேயிலிருந்து தங்கும் தீவுக்குக் கடல்விமானத்தில் போவது காசு பெறுமா என்று கேட்டால், பெறும். ஆனால் மாலேயில் எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதைச் சரியாக அமைத்தால்தான்.

கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத்தான் கடலில் இறக்குகிறார்; இருட்டில் அலையும் தெரியாது, பவளப்பாரும் தெரியாது. பின்னேரம் மூன்றரைக்குள் மாலேயின் வேலானா விமான நிலையத்துக்கு வந்து சேராவிட்டால் பெரும்பாலும் அன்றைய பறப்பு இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் சொந்தச் செலவில் தங்க வேண்டும். தீவில் காசு கட்டிய அறை சும்மா கிடக்கும். கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் என்று மத்தியானப் பறப்பை எடுத்து, அது தாமதமாகி மாட்டுப்படுகிறவர்கள் கனபேர். விலை கூடினாலும் காலைப் பறப்பை எடுங்கள். புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகும் இரவு பஸ் என்றால் கட்டுநாயக்கவுக்குக் கிட்டவே இறங்கலாம், கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை.

கடல்விமான ரிக்கெற்றைத் தங்கும் விடுதிதான் போட்டுத் தரும். உங்கள் பறப்பு இலக்கத்தை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். போய்வர ஒருவருக்கு 400 முதல் 700 டொலர் வரை வருவது வழக்கம். அறை விலையில் இது அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மலிவாகத் தெரியும் பல சுற்றுலாப் பொதிகளில் இது சேர்ந்திராது.

அடுத்த சிக்கல் பாரம். ஓடுவது பெரும்பாலும் ட்வின் ஒட்டர், கனடாவில் செய்த இரட்டை எஞ்சின் விமானம், ஏறக்குறைய 15 பேர் ஏறலாம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. இதில் அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு: விமானத்தின் அடியிலுள்ள மிதவைகள் தண்ணீரின் பிடியை விட்டு எழும்ப வேண்டும், காற்றில்லாத வெக்கையில் அதற்கு நீண்ட ஓட்டம் தேவை. கனடா, லண்டன் உறவுகள் 23 கிலோப் பெட்டி இரண்டோடு வருவார்கள்; ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். கூடுதல் பாரத்துக்குக் கிலோக் கணக்கில் காசு, பெட்டி அடுத்த விமானத்தில் பிந்தி வரவும் கூடும். மருந்து, குளிக்கும் உடுப்பு, பிள்ளைகளின் சாமான் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மதுப் போத்தலையும் வழிபாட்டுச் சிலைகளையும் மாலைதீவுச் சுங்கம் உள்ளே விடாது. பனஞ்சாராயம், சின்னப் பிள்ளையார் இரண்டையும் வீட்டில் வையுங்கள்.

பெரும்பாலும் சீட் இலக்கம் இல்லை, முந்தி ஏறினவருக்கே நல்ல யன்னல். இறக்கை மேலே இருப்பதால் எல்லா யன்னலாலும் கீழே தெரியும். நடுவில் இருந்தால் இறக்கையைத் தாங்கும் கம்பி படத்தில் விழும், முன்வரிசையில் புரொப்பெல்லர் விழும். பின்பக்கம் நல்லது. கைபேசியைக் கண்ணாடியில் முட்டவைக்காதீர்கள், அதிர்வில் படம் கலங்கும். பெரும்பாலும் ஏசி இல்லை, இரைச்சல் கடுமை. தரும் காதடைப்பானைப் போடுங்கள். வயிறு பிரட்டுகிறவர்கள் அரை மணித்தியாலத்துக்கு முன்பே குளிசை போட வேண்டும், ஏனென்றால் வழியில் வேறு தீவுகளிலும் இறங்கி ஏறும்.

மேலிருந்து பார்க்கும் அந்தக் காட்சிக்கு ஈடில்லை. கருநீலக் கடலில் வளையம் வளையமாகப் பவளப்பார், உள்ளே வெளிர்பச்சை, நடுவில் ஒரு துண்டு வெள்ளை மணல். இறங்குவது பாருக்கு உட்பக்கம், யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பரவைக்கடல் போல அலை அடங்கின இடத்தில். மிதவை தண்ணீரைத் தொட்டதும் விமானம் குலுங்கி, நுரை யன்னல்வரை அடிக்கும். எஞ்சின் அடங்கும்போது பணியாளர் வெறுங்காலோடு மிதவையில் குதித்து, மிதக்கும் மேடையின் கட்டையில் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடிப்பார். படி ஈரமாக வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்து இறக்குங்கள். அங்கிருந்து கரைக்குத் தோணி.

கடற்கரை மணல் பவளத்தூள், வெயிலிலும் அவ்வளவாகச் சுடாது. பவளப்பார்ப் பக்கம் குளிக்க இறங்கினால் காலுக்குச் செருப்பு வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கையோடு ஆகஸ்டில் போகலாம் என்று நினைக்கிறவர்கள் யோசியுங்கள். அங்கே மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று, மழையும் மேகமும் வந்தால் பறப்பு பிந்தும், காட்சியும் மங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தெளிவான காலம், விலையும் அப்போது ஏறும். மாலேக்குக் கிட்டிய தீவென்றால் வேகப்படகு போதும், அது இரவிலும் ஓடும். திரும்பும்போதும் விடிந்த பிறகுதான் கடல்விமானம் என்பதால், மாலேயிலிருந்து காலை 9 மணிக்கு முந்திய பறப்பை எடுக்காதீர்கள்.